நடுவெள்ளை இல்லாத அணுக்கள்

மிஷின் மூன்றாவது தடவையும் அதே எண்ணைக் காட்டியபோதுதான் எனக்கு அந்த யோசனை தட்டியது: ஒருவேளை இது தப்பே சொல்லவில்லையோ?

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் லேப். திங்கட்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. கம்பெனிகளில் புதிதாகச் சேரப்போகிறவர்கள் மெடிக்கலுக்காக வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ரத்தம் எடுப்போம், குழாயில் பெயர் ஒட்டுவோம், அணுக்களை எண்ணுகிற மிஷினுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்போம். அது ஒரு நிமிஷத்தில் ஒரு சீட்டை நீட்டும். எல்லா வரியும் ஒழுங்காக இருந்தால் அடுத்த ஆள். எந்த வரிக்காவது பக்கத்தில் அம்புக்குறி விழுந்தால் மட்டும் நின்று பார்ப்போம்.

அன்றைக்கு ஒரு பெண்ணின் சீட்டில் எம்.சி.எச்.சி. என்ற வரிக்கு எதிரே மேல்நோக்கி ஒரு அம்பு. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது என்று சொல்கிற எண் அது. குறைவாக வருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அதிகமாக வருவது அபூர்வம். அப்படி வந்தால் நாங்கள் ஆளைச் சந்தேகப்பட மாட்டோம், மிஷினைத்தான் சந்தேகப்படுவோம். குழாயைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பில் வைத்து, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, மறுபடி ஓட்டுவோம். பெரும்பாலும் எண் இறங்கிவிடும்.

இது இறங்கவில்லை. 37.6. 37.5. மறுபடி 37.6.

"ஏ பிள்ள, மிஷினுக்குக் கோட்டி புடிச்சிருக்கு. வாஷ் குடுத்துட்டு அடுத்ததப் போடு," என்றார் சீனியர் அக்கா. தூத்துக்குடிக்காரர். ஒரு ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டே அடுத்த ஆளின் கையில் நரம்பு தேடுகிற வேகம் அவருக்கு.

"கோட்டி புடிச்சிருந்தா இதுக்கு முன்னாடி ஓட்டுன நாப்பது பேருக்கும் இப்பிடி வந்திருக்கணுமேக்கா? இந்த ஒரு ஆளுக்கு மட்டும் எப்பிடிப் புடிக்கும்?"

"வந்துட்டா வக்கீலம்மா. யாரு சாம்பிள் அது?"

நான் பெயரைக் கூப்பிட்டேன். மூலை நாற்காலியிலிருந்து எழுந்து வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், இருபத்து மூன்று. லேபுக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"கண்ணு நோவா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர்." சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் எலுமிச்சை நிறம்.

நான் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீஷியன் என்று திருத்துவது என் வழக்கம். அன்றைக்குத் தோன்றவில்லை.

அவளுக்குச் சேரப்பணஞ்சேரி. இரண்டு வருஷமாக கான்ட்ராக்டில் ஒரு கம்பெனியில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்ட் முழுக்க பூதக்கண்ணாடிக்கு அடியில் பேரிங் உருண்டைகளையும் வாஷர்களையும் உருட்டிப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போடுவது. கான்ட்ராக்ட் என்றால் நாளைக்கு வராதே என்று போனில் சொல்லிவிடலாம். அப்படி மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள். இப்போது வேறொரு கம்பெனியில் நிரந்தரமாக எடுக்கிறார்கள், இன்டர்வியூவில் பாஸ். மெடிக்கல்தான் பாக்கி.

"இது மூணாவது கம்பெனி சிஸ்டர். மொத ரெண்டுலயும் கண்ணப் பாத்தானுங்க, காமாலை சரியானதும் வாம்மான்னு அனுப்பிட்டானுங்க. எப்ப சரியாவறது? எனக்குப் பொறந்ததுலருந்தே இப்பிடித்தான் கீது. சனிக்கெழம காலைல ஃபிட்னு பேப்பர் குடுக்கணும். இல்லாங்காட்டி லிஸ்ட்டுல அடுத்த ஆளு."

"மருந்து ஏதாவது சாப்பிடுறியா?"

"கீழாநெல்லி. மெடிக்கல்னு சொன்னாலே மூணு நாளு சோத்துல கைய வைக்கமாட்டேன். மோரும் கீழாநெல்லியும்தான். மஞ்ச எறங்கணுமில்ல?"

எண்பது பேருக்கு நடுவில் அவள் உதடு மட்டும் வறண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவளுடைய மற்ற சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மஞ்சளைக் காட்டும் பிலிரூபின் அதிகம். ஆனால் ஈரல் கெட்டிருந்தால் ஏறவேண்டிய எண்களெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருந்தன. மஞ்சள் காமாலைக் கிருமிக்கான சோதனையும் இல்லை என்றே சொன்னது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. அப்புறம் அந்த 37.6.

எனக்கு உள்ளங்கை பரபரத்தது. ஸ்மியர் போடவேண்டும், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெலிசாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும்.

இதில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் மைக்ராஸ்கோப்புக்கு மேல் கிடக்கும் துணி காய்ச்சல் சீசனில் மட்டும்தான் விலகும். எனக்கோ காலேஜில் பரம்பரை ரத்த நோய்களின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து தீராத ஆசை. அரிவாள் மாதிரி வளைந்த அணுக்கள், குறிபார்க்கும் பலகை மாதிரி வட்டத்துக்குள் வட்டம் போட்ட அணுக்கள், பந்தாக உருண்டுபோன அணுக்கள். இதில் ஒன்றையாவது படத்தில் இல்லாமல் நேரில் பார்த்துவிட வேண்டும். அதனால் வேலை ஓய்ந்த நேரத்தில் மீந்த ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துத்தான் போன மாதம் லேப் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன்: வாட்ச்மேன் அண்ணனுக்குப் பரம்பரை உருண்டையணு நோய். மறுநாள் வேன் டிரைவருக்கும் அதுவே. அதற்கு மறுநாள் அக்காவுக்கே.

வாரம் ஒரு முறை ரிப்போர்ட் பார்க்க வருகிற எங்கள் டாக்டர் அடுத்த முறை வந்தபோது என் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார். நல்ல சிவப்பணு, விரலால் நடுவில் அமுக்கிய மாவு உருண்டை மாதிரி இருக்கும். அமுங்கிய இடம் மெலிசு, அங்கே சாயம் குறைவாக ஏறி வெளுப்பாகத் தெரியும். அந்த நடுவெள்ளை இல்லாமல் குட்டையாக, கருஞ்சிவப்பாக இருந்தால் உருண்டையணு. சரிதான். ஆனால் ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்தால் நாக்கு வடிவத்தில் பூச்சு விழும். அடிநாக்கில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நுனிநாக்கில் பரந்து நசுங்கி, யாருடைய ரத்தமானாலும் நடுவெள்ளை அழிந்துபோகும். இரண்டுக்கும் நடுவே, அணுக்கள் ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் நிற்கிற சின்ன இடம் இருக்கிறது. அங்கேதான் பார்க்கவேண்டும். நான் பார்த்ததெல்லாம் நுனியில்.

அதிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடுவது "பரம்பரை வைத்தியர்" என்றுதான்.

ஆகவே அன்று மதியம் நான் ஸ்லைடு பெட்டியை எடுத்ததும், "வைத்தியர் கடையத் தொறந்துட்டார்லா! எல்லாரும் ஓடிருங்க!" என்று அக்கா குரல் கொடுத்தார். வாட்ச்மேன் அண்ணன் நிஜமாகவே வெளியே போனார்.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். என் விரலில் நானே குத்தி, என் ரத்தத்திலும் ஒரு ஸ்லைடு போட்டேன். அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஒரே கையால் இழுத்தது, ஒரே சாயம், ஒரே நேரம் ஊறல், ஒரே குழாய்த் தண்ணீரில் அலசல். தப்பு என் கையில் இருந்தால் இரண்டிலும் தெரியட்டும்.

முதலில் என்னுடையதை வைத்தேன். எண்ணெய் ஒரு சொட்டு, பெரிய லென்ஸ், அந்த நடு இடம். வரிசையாக நடுவெள்ளையோடு நல்ல பிள்ளைகள். நுனிக்குத் தள்ளிப் பார்த்தேன்; அங்கே எனக்கே பரம்பரை நோய் இருந்தது. மறுபடி நடுவுக்கு வந்தேன். பிறகு அவளுடையதை மாற்றினேன்.

அதே நடு இடம். உரசியும் உரசாமலும். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, அப்புறம் பார்க்கப் பார்க்க எங்கும், குட்டையாக, இறுக்கமாக, முழுச் சிவப்பாக உருண்டைகள்.

நான் கத்தவில்லை. போன மாதம் கத்தியதே போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு சுற்று சுற்றி வந்து, உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இருந்தன. காலேஜ் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தன. அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? இத்தனை நாள் போட்டோவில் மட்டும் பார்த்த ஆளைப் படப்பை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்த்த மாதிரி.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம் வாங்களேன்."

"யாருக்குப் பிள்ள இன்னைக்கு? எனக்கா, எங்க வீட்டுக்காரருக்கா?"

"வந்து பாத்துட்டுத் திட்டுங்க."

அக்கா கண்ணை வைத்தார். கேலி நின்றது. என் ஸ்லைடைக் கேட்டு வாங்கி மாற்றிப் பார்த்தார், மறுபடி அவளுடையதை வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"டாக்டரம்மா பாக்காம நீ வாயத் தொறக்கப்பிடாது. கேட்டியா?"

"சாயந்தரம் எல்லா ரிப்போர்ட்டும் கம்பெனிக்குப் போயிரும்க்கா. இந்த பிலிரூபினப் பாத்தா நேரா அன்ஃபிட்னு போட்டுருவாங்க."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவளுடைய பைலில் மட்டும், 'மறு பரிசோதனை நடக்கிறது' என்று எழுதி முத்திரை குத்தித் தனியாக வைத்தார். எங்கள் லேபில் ஒரு ஸ்மியருக்காக ரிப்போர்ட் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

டாக்டர் புதன்கிழமை மாலையில்தான் வருவார். நாலு லேப்களுக்கு ஸ்கூட்டரிலேயே சுற்றுகிறவர். நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, புதன்கிழமை அம்மாவையும் அழைத்துவரச் சொன்னேன். "அம்மா எதுக்கு சிஸ்டர்? பெரிய வியாதியா?" என்றாள். அவள் குரல் சுருங்கியதைக் கேட்டு, என் ஆர்வத்தை நானே திட்டிக்கொண்டேன். "பெருசு இல்ல. அப்புறம், தயவுசெஞ்சு இன்னைக்குச் சோறு சாப்பிடு," என்றேன்.

புதன்கிழமை டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னே நான் ஸ்லைடோடு நின்றேன்.

"இது நுனியா, நடுவா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"நடு டாக்டர். பக்கத்துல என் ரத்தமும் இருக்கு."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தடவ சிரிக்க மாட்டேன்," என்றார்.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அவர் விரலை உயர்த்தினார். "இரு. இது எங்க தேடணும்னு மட்டுந்தான் சொல்லுது. உடம்பே தன் அணுவ எதிரின்னு நெனச்சுத் தாக்கினாலும் இதே மாதிரி உருண்டை வரும். அது வேற நோய், வேற மருந்து. அதுவா இதுவான்னு பிரிச்சுக் காட்டற கூம்ஸ் டெஸ்ட் போடு. அது நெகட்டிவ்னா, அம்மாவோட ஸ்மியரையும் பாப்போம்."

அக்கா கூம்ஸ் போட்டார். அதற்குள் அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவர், வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். அதே எலுமிச்சை நிறம், கொஞ்சம் மங்கல்.

"எங்க வூட்ல பாதிப் பேருக்கு இந்தக் கண்ணுதாம்மா. எங்க அம்மா வழி. எங்க தங்கச்சிக்கும் கீது. மாதா கோயிலுக்குப் போனா தூரத்துலயே கண்டுபுடிச்சிருவாங்க, இது அந்த வூட்டு ஆளுன்னு," என்றார் பெருமையாகவே. கல்யாணமாகி நாலே வருஷத்தில் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்திருந்தாராம். "இன்னா சின்ன வயசுல கல்லுன்னு அந்த டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூம்ஸ் குழாயைத் தூக்கிக் காட்டித் தலையசைத்தார்: நெகட்டிவ்.

அம்மாவின் விரலில் குத்தி ஸ்மியர் போட்டேன். காய்ந்து, சாயம் ஏறி, அலசி முடிக்க ஆன அந்த நேரம் எனக்கு ஒரு ஷிப்ட் நீளம். அங்கேயும் உருண்டைகள் இருந்தன.

"நீயும் பாக்கிறியா?" என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். நான் என் ஸ்லைடை முதலில் வைத்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். இரண்டு வருஷம் பூதக்கண்ணாடியில் பழகிய கண். ஃபோகஸ் திருகை நான் காட்டித்தரவே வேண்டியிருக்கவில்லை.

"இது சிஸ்டரோடதா? நடுவுல வெள்ளையா கீது. வாஷர் மாட்டம்." ஸ்லைடை மாற்றினேன். அவள் திருகை மெல்லத் திருப்பினாள். "இதுல வாஷரும் கீது, பேரிங் பாலும் கீது. பாலு சின்னதா, டார்க்கா. மிக்ஸ் லாட்டு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இவள லேபுக்கு எடுத்துக்கலாம் போல. உனக்கு இது வர ஒரு மாசம் ஆச்சு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "அப்போ என் ரத்தம் என்.ஜி.யா?"

அவளுடைய லைனில் ஒதுக்கித் தள்ளுகிற பொருளுக்கு அதுதான் பெயர். இரண்டு கம்பெனி வாசல்கள் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்.ஜி. இல்ல. வேற மாடல். உடம்புக்குள்ள மண்ணீரல்னு ஒண்ணு இருக்கு. அங்க ரொம்பக் குறுகலான கேட் மாதிரி சந்து சந்தா இருக்கும். தட்டையா இருக்கிற அணு வளைஞ்சு நெளிஞ்சு போயிரும். உருண்டை போக முடியாது."

"மாட்டிக்கினு ரிஜெக்ட் ஆவுதா?"

"ஆமா. ஒடஞ்சுபோகுது. அதுக்குள்ள இருந்த சாயந்தான் கண்ணுல மஞ்சளாத் தெரியுது. ஈரல் நோய் இல்ல. யாருக்கும் ஒட்டாது. அம்மாவுக்குக் கல்லு வந்ததும் இதனாலதான்."

"அத்தினி ஒடஞ்சா, புதுசு யாரு போடறது?"

"ஒன் எலும்புக்குள்ள ராப்பகலா புதுசு செஞ்சுக்கிட்டே இருக்கு."

"பொறந்ததுலருந்து ஓவர்டைமா!" என்றாள் அவள். அப்போதுதான் சிரித்தாள். லேபே சிரித்தது.

அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "என்கிட்டருந்தா வந்துச்சு? என்னால தான் ரெண்டு வேல போச்சா?" என்றார்.

"தே, அழுவாத. நெலம் எழுதி வைக்கல, நகை போடல. இதையாவது குடுத்தியே!" என்று மகள் அம்மாவின் தோளில் ஒரு இடி இடித்தாள். அழுகைக்கு நடுவில் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

பட்டினி விஷயத்தை நான்தான் போட்டுக்கொடுத்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பட்டினி கெடந்தா மஞ்சள் கூடத்தான் செய்யும். ஒவ்வொரு மெடிக்கலுக்கும் நீயே ஏத்திக்கிட்டுப் போயிருக்க." அவள் வாயைப் பிளந்தாள். "அத்தினி பிரியாணிய வேஸ்ட் பண்ணிட்டனே!" என்றதும் அக்கா, "எதுத்தாப்ல கடை தொறந்துதான் இருக்கு தாயி, போயித் தின்னு," என்றார்.

உறுதி செய்யும் பெரிய பரிசோதனைக்குச் சென்னைக்கு ரத்தம் அனுப்பினோம். அது வரும்வரை சனிக்கிழமை காத்திருக்காது. டாக்டர் அன்றே கடிதம் எழுதினார்: இது தொற்றுநோய் அல்ல, குடும்பத்தில் வருகிற சிவப்பணுக் கோளாறு என்று ஸ்மியரும் மற்ற சோதனைகளும் காட்டுகின்றன, இப்போதைய ஹீமோகுளோபின் அளவில் இந்த வேலை செய்யத் தடையில்லை. கீழே, கம்பெனி டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் ஸ்லைடை நேரில் பார்க்கலாம் என்று ஒரு வரி. மறுநாளும் இதற்காகவே எங்கள் டாக்டர் லேபுக்கு ஒரு நடை வந்திருந்தார்; அப்போது கம்பெனி டாக்டர் போன் செய்தார். பத்து நிமிஷம் இருவரும் பேசினார்கள். நான் சாம்பிள் பிரிக்கிற மாதிரி பக்கத்திலேயே நின்றேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் போனில் ஒரு படம் வந்தது. கம்பெனி கேட்டுக்கு முன்னால், புதிய அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கறுப்புக் கண்ணாடி இல்லாமல், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள். கீழே ஒரு குரல் பதிவு: "சிஸ்டர், எனக்குக் குடுத்த செக்‌ஷன் இன்னா தெரிமா? மறுபடியும் இன்ஸ்பெக்‌ஷன்தான்! ஆனா கம்பெனி ரோல்ல, பெர்மனென்ட்டு!" அக்கா அதை ஸ்பீக்கரில் நாலு தடவை போட்டுக் கேட்டார். வாட்ச்மேன் அண்ணனுக்கும் ஒரு தடவை.

பத்து நாளில் சென்னை ரிப்போர்ட்டும் நாங்கள் சொன்னதையே சொன்னது. அதைச் சொல்லப் போன் செய்தபோதுதான் அவள் இன்னொன்றைக் கேட்டாள். அவளுடைய சித்திக்கு இரண்டு மாதம் முன்பு குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்ததும் மஞ்சள் என்று விளக்கொளியில் வைத்திருந்தார்களாம். இப்போது வெளுத்துக்கொண்டே வருகிறது, பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறது. "சித்தி நல்லா தூங்குற கொழந்தன்னு சொல்லிக்கினு கீது. எனக்கு இப்ப அப்பிடித் தோணல சிஸ்டர்."

டாக்டரிடம் ஓடினேன். குழந்தையை நாளைக்கே குழந்தைகள் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அவரே சித்தியிடம் பேசி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழந்தையின் விரலில் நான் குத்துவதாக இல்லை, அது ஆஸ்பத்திரியின் வேலை. பெரியவர்கள் என் பங்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வழி உறவெல்லாம் சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டில் கூடுகிறார்கள். சம்மதிப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி, குழாயில் கொஞ்சம் ரத்தமும் ஆளுக்கு இரண்டு ஸ்மியரும் எடுத்துவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவும் வருகிறார், பிரியாணிக்காகத்தான் என்கிறார், ஆனால் ஊசிப் பெட்டியை நேற்றே அடுக்கிவிட்டார். மணிமங்கலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாளாக, ஈரக்காற்றில் ஸ்லைடு எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று கை விசிறியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகக் காய்ந்தால் அணுக்கள் உருக்குலைந்துவிடும், அப்புறம் எதையும் நம்ப முடியாது. பென்சிலால் எண் போட்டு நாற்பது ஸ்லைடு தயார். மாமா முறையில் ஒருவர் ஊசி என்றாலே கொல்லைப்புறம் ஓடிவிடுவாராம். குழந்தையைப் பார்க்கிற டாக்டருக்கும் உதவட்டும் என்று முதலில் சித்தியிடமிருந்து தொடங்கப்போகிறேன்.